1361-க்கு உடுத்துவது எப்படி? விஸ்பி இடைக்கால வாரத்துக்கு உடையும் கவசமும் கையால் செய்ய நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்வீடனின் கோட்லாந்துத் தீவில் விஸ்பி என்று ஒரு மதில் சூழ்ந்த ஊர் இருக்கிறது. அங்கே 1984 முதல் ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஒரு வாரம் இடைக்காலத் திருவிழா நடக்கிறது. இங்குள்ளவர்கள் மெடெல்டிட்ஸ்வெக்கன் என்பார்கள்; வாரங்களை எண்ணும் ஸ்வீடன் நாட்காட்டியில் 32-ஆம் வாரம். அதற்காக நான் துணி வெட்டுவதைப் பார்க்கும் தமிழ் நண்பர்கள், ஊரிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள், புதிதாகப் படிக்க வந்த பிள்ளைகள் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அவரவர் கேட்டபடியே வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

இது வைக்கிங் திருவிழாதானே? கொம்பு வெச்ச ஹெல்மெட் ஒண்ணு வாங்கிட்டா போதாதா?

இல்லை. ஸ்கண்டிநேவியக் கணக்கில் வைக்கிங் காலம் 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் முடிந்துவிடுகிறது. இடைக்காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. விஸ்பி வாரம் நடுவில் வைத்துக்கொள்வது 1361-ஆம் ஆண்டை. அந்த ஆண்டு ஜூலை 27 அன்று டென்மார்க் மன்னன் வால்டெமார் அட்டர்டாக்கின் படை, மதிலுக்கு வெளியே கோட்லாந்து விவசாயிகளின் படையை நொறுக்கியது. சுமார் 1,800 பேர் இறந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. நகரத்தார் மதிலுக்குள்ளேயே இருந்துவிட்டு, பிறகு ஊரை மன்னனிடம் ஒப்படைத்தார்கள்.

கொம்பு விஷயம்: வைக்கிங்குகளே அதை அணியவில்லை. 19-ஆம் நூற்றாண்டு மேடைகள் அவர்கள் தலையில் மாட்டிவிட்டது அது. விஸ்பியில் அதைப் போட்டு வந்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் சிறுவர் பட்டாளம் உங்களோடு படம் எடுத்துக்கொள்ளும்.

வேஷம் இல்லாம சாதா டிரெஸ்ல போனா உள்ளே விடுவாங்களா?

தாராளமாக. ஊர் எப்போதும்போல் திறந்தே இருக்கும். குதிரையேறி ஈட்டியால் மோதும் போட்டி, சில கச்சேரிகள் போன்றவற்றுக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். உடை கட்டாயமில்லை. ஆனால் அந்த வாரம் ஐஸ்கிரீம் வரிசையில் நிற்பவர் முதல் குப்பை வண்டிக்கு வழிவிடுபவர் வரை பாதிப் பேர் 14-ஆம் நூற்றாண்டில் இருப்பார்கள். ஜீன்ஸ் போட்டவருக்குத்தான் கூச்சமாக இருக்கும். இன்னொன்று: கப்பல் சீட்டையும் தங்குமிடத்தையும் துணி வாங்குவதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கேயுள்ள நீனெஸ்ஹாம்ன் துறைமுகத்திலிருந்து கப்பல் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்த வாரத்தில் கடைசி நேரத்து இடம் என்ற ஒன்றே கிடையாது.

முதல்ல எதை வாங்கணும்? வாள்தானே அக்கா?

வாள் கடைசி. சொல்லப்போனால் வாளே வேண்டாம். காரணத்தைக் கீழே ஆயுதக் கேள்வியில் சொல்கிறேன்.

முதலில் மூன்றை முடிவு செய்யுங்கள்: எந்த ஆண்டு, எந்த ஊர், யார். ஆண்டும் ஊரும் விஸ்பியே சொல்லிவிடுகிறது. 1361-க்குப் பத்து ஆண்டு முன்பின் என்று வைத்துக்கொண்டால் போதும். அதன்பின் உடலோடு ஒட்டியதிலிருந்து வெளியே வாருங்கள்: லினன் (ஆளிச்செடி நார்த் துணி) உள்ளாடை, கம்பளி மேலங்கி, கால் மூடுவது, தலை மூடுவது, இடைவார், காலணி. நல்ல உள்சட்டையும் ஒரு மேலங்கியும் இருப்பவர் திருவிழாவுக்குத் தயார். ஐந்நூறு யூரோ வாளோடு பாலியெஸ்டர் அங்கி போட்டவர் தயாரில்லை.

யாரா போறது? ராணி மாதிரி போகணும்னு ஆசை.

ஆசையில் தப்பில்லை. ஆனால் ராணியின் உடை பட்டு, பொன்னிழை, விலங்கு ரோமம், அதையெல்லாம் எடுத்துப் போட ஒரு பணிப்பெண் என்று போகும். பாதி செலவில் பாதி ராணியாகத்தான் ஆக முடியும். வணிகரின் மனைவி, கைவினைஞர், விவசாயி, மாலுமி, பணியாள் என்று கீழே இறங்க இறங்க உங்கள் உடை உண்மைக்கு நெருங்கும். விஸ்பி, ஹான்ஸா என்ற வட ஐரோப்பிய வணிகக் கூட்டமைப்பின் நகரமாக இருந்தது. ஓரளவு வசதியான வணிகக் குடும்பம் என்றால் நல்ல நிறம், நல்ல கம்பளி, சில வெள்ளீயப் பொத்தான்கள் எல்லாம் நியாயமாகவே கிடைக்கும். என் கணக்கில் புதியவர்களுக்கு அதுதான் இனிமையான நடுவழி.

எதைப் பார்த்துத் தைக்கிறது? சினிமா பார்த்தா போதுமா?

சினிமா வேண்டாம். அந்தக் காலத்து உடைகளே கிடைத்திருக்கும்போது எதற்கு? 1936-இல் தென்மேற்கு ஸ்வீடனின் வார்பெர்கு பகுதியில், போக்ஸ்டென் என்ற இடத்துச் சதுப்பில் ஓர் ஆணின் உடல் கிடைத்தது. யாரோ கொன்று, மரக் கழிகளால் சதுப்பில் அறைந்து வைத்திருந்தார்கள். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன் என்று கணித்திருக்கிறார்கள். அவன் போட்டிருந்த மேலங்கி, மேற்போர்வை, கால் மூடும் உறைகள், தோளோடு வரும் குல்லாய் எல்லாம் அப்படியே மிஞ்சின. குல்லாயின் பின்னால் தொங்கும் வால் மட்டும் 90 சென்டிமீட்டர். வார்பெர்கு கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கோட்லாந்துக்காரன் இல்லை என்றாலும், காலமும் ஸ்கண்டிநேவியப் பகுதியும் பொருந்துவதால் ஆண்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை.

இரண்டாவது, கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஸ்னெஸ் கல்லறைத் தோட்டம். 1921-இல் டென்மார்க்கின் தொல்லியலாளர் பவுல் நோர்லுண்ட் தோண்டியபோது, உறைந்த மண்ணில் பிணங்களைச் சுற்றியிருந்த கம்பளி அங்கிகள் வெளிவந்தன. ஆண், பெண், குழந்தை மூவருக்கும் வெட்டு முறை அங்கே இருக்கிறது. கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. அளந்து வரைந்த வெட்டுப் படங்கள் அச்சிலும் வந்துள்ளன. இந்த இரண்டையும் பார்த்தவர் மேலே சொன்ன பாலியெஸ்டர் அங்கிக்குத் திரும்ப மாட்டார்.

ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு இடத்திலும் பெரும்பாலும் மிஞ்சியது கம்பளி. போக்ஸ்டென் மனிதனிடம் லினன் உள்சட்டை இல்லை என்பதால் அவன் போடவில்லை என்று ஆகாது. செடிநார்த் துணியைச் சதுப்பின் அமிலம் தின்றுவிடும். உள்ளாடைகளுக்கு அக்காலத்து ஓவியங்களையே நம்ப வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டுல கம்பளியா? வெந்து போயிட மாட்டோமா?

நம் ஊர் ஆகஸ்டை நினைத்துக் கேட்கிறீர்கள். விஸ்பியில் பகல் பெரும்பாலும் 20 பாகையை ஒட்டியிருக்கும். மாலையில் கடல்காற்று வந்தால் எல்லோரும் போர்வை தேடுவார்கள். மெல்லிய கம்பளி, சதுர மீட்டருக்கு 250 முதல் 350 கிராம், அதன் அடியில் லினன் என்றால் வேர்வையை லினன் உறிஞ்சிக்கொள்ளும். வெயில் ஏறினால் மேலங்கியைக் கழற்றிவிட்டு உள்சட்டையோடு வேலை செய்வதும் அக்காலத்து ஓவியங்களில் உள்ளதே.

கம்பளிக்கு இன்னொரு பெரிய நன்மை நெருப்பு. முகாம்களில் எங்கும் திறந்த அடுப்புகள் இருக்கும். கம்பளியில் பொறி பட்டால் கருகி அணைந்துவிடும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். துணி வாங்கும்போது ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து, தொட்டால் பொடியானால் கம்பளி. உருகிக் கடினமான மணியாகத் திரண்டால் கலப்படம்.

அம்மா ஊர்ல இருந்து அஞ்சு மீட்டர் கதர் அனுப்பிச்சிருக்காங்க. அதுல தைக்கலாமா?

அம்மாவுக்கு நன்றி சொல்லி, அந்தக் கதரில் முதலில் ஒரு மாதிரி உடை தைத்துப் பாருங்கள். அளவு சரிபார்க்க அதைவிட நல்ல துணி கிடைக்காது. வெளியே போடும் உடையாக மட்டும் வேண்டாம். வட ஐரோப்பாவில் அப்போது ஆளிச்செடி நாரும் ஆட்டு ரோமமும்தான் எல்லோர் உடம்பிலும். பருத்தி இருந்தது, ஆனால் வேறு வடிவில்: வட இத்தாலியிலும், 14-ஆம் நூற்றாண்டில் தென் ஜெர்மனியின் உல்ம், ஆக்ஸ்பர்க் ஊர்களிலும் லினன் பாவும் பருத்தி ஊடையுமாக ஒரு துணி நெய்தார்கள். இன்னொரு பயன், போர்ச்சட்டைக்குள் அடைக்கும் பஞ்சு. கதர் மிஞ்சினால் அங்கே போகட்டும். கவசக் கேள்வியில் அதற்கு வேலை இருக்கிறது.

மொத்தம் எத்தனை மீட்டர் துணி வேணும்?

ஒன்றரை மீட்டர் அகலத் துணி என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர உயர ஆணுக்கு உள்சட்டை 2 முதல் 2.5 மீட்டர் லினன், உள்காற்சட்டைக்கு ஒன்றரை, கம்பளி மேலங்கிக்கு 2.5 முதல் 3, கால் உறைக்கு ஒன்றரை, குல்லாய்க்கு ஒன்று. பெண்ணுக்கு உள்சட்டை 3, மேலங்கி 3.5 முதல் 4. வெட்டுவதற்கு முன் துவைத்துவிடுங்கள், லினனைக் கட்டாயமாக. துவைத்தால் மீட்டருக்குச் சில சென்டிமீட்டர் சுருங்கும் துணி அது.

பேட்டர்ன் கிடையாதா? எப்படி வெட்டுறது?

அளவுநாடாவும் சுண்ணக்கட்டியும் போதும். துணி விலை உயர்ந்ததாக இருந்த காலம். வெட்டு முறையே துணியைச் சேமிப்பதற்காக உருவானது. முன்னும் பின்னும் இரண்டு செவ்வகங்கள். இடுப்பிலிருந்து கீழே விரிவதற்கு முக்கோணத் துண்டுகள்: பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ, முன்னும் பின்னும் நடுவில் பிளந்து ஒவ்வொன்று. முக்கோணங்களைத் துணியில் தலைகீழாக மாற்றி மாற்றி அடுக்கினால் ஒரு விரல்கடைகூட வீணாகாது. உள்சட்டைக்கு அக்குளில் ஒரு சதுரத் துண்டு வையுங்கள். கையைத் தூக்கினால் சட்டை முழுதும் மேலே ஏறாது.

கடினமான இடம் நடுப் பிளவின் உச்சி. முக்கோணத்தின் கூர்முனையை அங்கே உட்காரவைப்பதில்தான் எல்லோரும் திணறுவார்கள். முதலில் முக்கோணத்தின் ஒரு பக்கத்தைக் கீழிருந்து உச்சிவரை தைத்து நிறுத்துங்கள். துணியைத் திருப்பி, மறுபக்கத்தை உச்சியிலிருந்து கீழ்நோக்கித் தையுங்கள். உச்சியில் வெளிப்பக்கமிருந்து நாலு நெருக்கமான தையல். மெஷினில் இதை ஒழுங்காகச் செய்வதைவிடக் கையால் செய்வது சுலபம்.

மெஷின்ல தைச்சா யாராவது கண்டுபிடிப்பாங்களா?

உள்ளே போகும் நீளத் தையல்களை யாரும் பார்க்கப் போவதில்லை. கழுத்து, கை ஓரம், கீழ் மடிப்பு, பொத்தான் துளை இவற்றை மட்டும் கையால் செய்தாலே உடையின் முகம் மாறிவிடும். ஓரம் பிரியாமல் மெஷின் சுற்றிப் பின்னும் ஓவர்லாக் மட்டும் வேண்டவே வேண்டாம். காற்றில் ஓரம் திரும்பினால் அது கத்திக் காட்டிக்கொடுக்கும்.

முழுக்கக் கையால் என்றால், லினன் நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டுமுறை இழுத்துவிட்டு ஓட்டுத்தையல் போடுங்கள். ஐந்தாறு தையலுக்கு ஒரு பின்தையல். இழுவை வரும் அக்குளிலும் தோளிலும் முழுக்கப் பின்தையல். பிறகு தையலுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் துணியை மடித்து, உள்பக்கம் சுற்றுத்தையல். இரண்டாவது தையல் துணியின் பிரியைப் பிடித்துவைப்பதோடு முதல் தையலுக்கும் துணை நிற்கும். இப்படித் தைத்த சட்டை மெஷின் சட்டையைவிட நீண்டு உழைக்கும் என்பது என் துணிந்த கருத்து. அங்குஸ்தான் போட்டுப் பழகுங்கள். கம்பளிக்குத் தேவையில்லாமல் இருக்கலாம், நெருக்கமான லினனில் விரல் தப்பாது.

ஆம்பளைங்க கறுப்பு லெக்கிங்ஸ் போட்டுக்கிட்டா சமாளிக்கலாமா?

தூரத்தில் சமாளிக்கலாம். அக்காலத்து ஆண் போட்டது இரு கால்களுக்குத் தனித்தனியான இரண்டு கம்பளி உறைகள். இடுப்பில் ஒரு கயிறு கோத்த லினன் உள்காற்சட்டை. அந்தக் கயிற்றில் ஒவ்வொரு உறையையும் முடிச்சிட்டுக் கட்டுவார்கள். மேலங்கி தொடையை மூடுவதால் இடைவெளி தெரியாது.

உறையைத் துணியின் மூலைவாட்டில் வெட்ட வேண்டும். பாவுக்கும் ஊடைக்கும் குறுக்கே வெட்டினால்தான் கம்பளி இழுபட்டு, முழங்கால் மடங்க இடம் தரும். நேர்வாட்டில் வெட்டியவர் நாற்காலியில் உட்காரும்போது தெரிந்துகொள்வார். பெண்கள் பிழைத்தீர்கள்: உங்களுக்கு முழங்கால்வரை உறை, அதன்மேல் ஒரு கட்டு. யார் பார்க்கப்போகிறார்கள்?

பட்டன் வைக்கலாமா, இல்ல கயிறு கட்டணுமா? ஜிப் கூடாதுன்னு தெரியும்!

வைக்கலாம், 1361-இல் பொத்தான் நாகரிகத்தின் உச்சம். உடம்போடு ஒட்டிய கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நெருக்கமாக வரிசை வைப்பார்கள். அதே கம்பளியில் சிறு வட்டம் வெட்டி, ஓரத்தில் நூல் ஓட்டி இழுத்து, துணி துணிக்குள்ளேயே சுருண்டு கெட்டியாகும்படி முடிச்சிடுங்கள். கடையில் வாங்க வேண்டியதில்லை. பொத்தானை இன்றைய சட்டையைப்போல் உள்தள்ளித் தைக்காமல் துணியின் விளிம்பிலேயே தையுங்கள். காஜாவும் விளிம்பை ஒட்டி. இந்த ஒரு சின்ன விஷயத்தை வைத்தே பழையவர்கள் உங்களை எடை போட்டுவிடுவார்கள்.

நிறம் எப்படி? அந்தக் காலத்துல எல்லாம் பழுப்பும் சாம்பலும்தானே?

அது சினிமா செய்த கைங்கரியம். அக்கால ஓவியங்களில் சிவப்பும் நீலமும் பச்சையும் கொட்டிக் கிடக்கின்றன. ஐரோப்பியச் சாயக்காரரிடம் மூன்று முக்கியச் செடிகள் இருந்தன. மேடர் என்ற வேரிலிருந்து செங்கல் சிவப்பு. வெல்டு செடியிலிருந்து எலுமிச்சை மஞ்சள். வோடு இலையிலிருந்து நீலம். வோடும் நம் அவுரியும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள், ஆனால் துணியில் ஏறும் சாயப்பொருள் ஒன்றேதான். அதனால் ஊரிலிருந்து அவுரிப் பொடி கொண்டுவந்தால் மனச்சாட்சி உறுத்தாமல் நீலம் போடலாம். நீலத்தின்மேல் மஞ்சள் போட்டால் பச்சை.

வீட்டில் தொடங்குவதற்கு மேடர் நல்லது. 100 கிராம் கம்பளிக்கு 10 முதல் 15 கிராம் படிகாரம் கரைத்து, அதில் ஒரு மணி நேரம் மெல்லச் சூடேற்றி ஆறவிடுங்கள். பிறகு கம்பளியின் எடைக்குச் சமமான மேடர் வேரை ஊறவைத்த நீரில் போட்டு 60, 70 பாகையிலேயே வைத்திருங்கள். கொதித்தால் சிவப்பு மங்கிப் பழுப்பேறும். குளிர்ந்த கம்பளியைக் கொதிநீரில் போடுவதும், கொதித்ததைப் பச்சைத் தண்ணீரில் அலசுவதும் கூடாது. அங்கி குழந்தைச் சட்டை ஆகிவிடும்.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு சிவப்பு இங்கே வந்திருக்கிறது. கேரளத்தில் குடிநீரை இளஞ்சிவப்பாக்கும் பதிமுகம் கட்டை, ஆசியாவிலிருந்து கடலும் தரையும் கடந்து இடைக்கால ஐரோப்பியச் சாயக் கடைகளுக்குப் போனது. அழகான நிறம், ஆனால் வெயிலில் நிற்காது. செடிச்சாயமெல்லாம் முடியாது என்பவர்கள் மில் சாயமிட்ட கம்பளியையே வாங்குங்கள். கண்ணைப் பறிக்கும் ஊதாவையும் ஒளிரும் பச்சையையும் மட்டும் தவிர்த்தால் போதும்.

காலுக்கு என்ன? ஸ்போர்ட்ஸ் ஷூ கண்ணை உறுத்துமா?

உறுத்தும். அக்காலத்துச் செருப்பை உள்வெளியாகத் தைத்து, நனைத்து, புரட்டி எடுப்பார்கள். தையல் உள்ளே போய்விடும். மேலே இரண்டு மில்லிமீட்டர் தோல், அடியில் நாலைந்து. செடிப்பட்டையில் பதனிட்ட தோலாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஓக் பட்டை. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் தோல் அதன் உறவுதான், குத்தூசிக்கு நன்றாக இடம் கொடுக்கும். குரோம் போட்ட பளபளத் தோலில் ஓரம் வெட்டினால் நீலச் சாம்பல் தெரியும்.

ஆனாலும் முதல் ஆண்டு செருப்பைத் தைக்காதீர்கள், வாங்குங்கள். மெல்லிய தோல் அடி, விஸ்பியின் கல் பாவிய ஏற்றம், மழை மூன்றும் சேர்ந்தால் வழுக்கும். உள்ளே தடித்த கம்பளி அட்டை வைத்துக்கொண்டால் பாதம் பிழைக்கும்.

பொட்டு, மூக்குத்தி, தாலி… எல்லாத்தையும் கழட்டணுமா? தலையை மூடியே ஆகணுமா?

தாலி உள்சட்டைக்குள் போய்விடும், யாருக்கும் தெரியாது. மூக்குத்தி அப்படியே இருக்கட்டும். பொட்டு உங்கள் விருப்பம். கால உண்மை பார்த்தால் இராது. தலை மூடுவதுதான் பெரிய மாற்றம் தரும். மணமான பெண் மெல்லிய லினன் முக்காடு, கழுத்தைச் சுற்றி இன்னொரு லினன் துணி, பித்தளைக் குண்டூசிகள். ஆணுக்குத் தாடையில் கட்டும் லினன் தொப்பி, மேலே போக்ஸ்டென் குல்லாய். சேலை முந்தானைக்குப் பின் குத்திப் பழகிய கைகளுக்கு முக்காடு பத்து நிமிட வேலை. ஸ்வீடன் தோழிகள் என்னிடம் வந்து குத்திக்கொள்வார்கள்.

கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதே!

போட்டுக்கொள்ளுங்கள். 1352-இல் இத்தாலியின் திரெவிசோவில் தோமாசோ தா மொதெனா வரைந்த சுவரோவியத்தில் ஒரு கர்தினால் கண்ணாடி போட்டுத்தான் எழுதுகிறார். அது மூக்கில் கவ்வி நிற்பது. காதுக்கு வரும் கம்பி பல நூற்றாண்டு கழித்து வந்தது. மெல்லிய உலோக வட்டக் கண்ணாடி அதிகம் உறுத்தாது. கைப்பேசிக்கு இடைவாரில் ஒரு தோல்பை போதும்.

கவசம் நானே செய்ய முடியுமா? இரும்பு வேலை எதுவும் தெரியாது.

முடியும். விஸ்பிக்கு என்றே ஒன்று இருக்கிறது. 1905-இல் கோர்ஸ்பெட்னிங்கென் என்ற இடத்தில் 1361 போரின் கூட்டுப் புதைகுழிகள் கிடைத்தன. 1930 வரை விட்டுவிட்டுத் தோண்டினார்கள். வழக்கமாகச் செத்தவரின் கவசத்தைக் கழற்றி எடுத்துக்கொள்வார்கள். இங்கே கோடை வெப்பத்தில் உடல்கள் அழுகத் தொடங்கியதால் அப்படியே புதைத்துவிட்டார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். இருபதுக்கும் மேற்பட்ட தகட்டுச் சட்டைகள் கிடைத்தன. தோல் மக்கிப்போயிருந்தது, தகடுகள் துருவோடு துரு பிடித்து இருந்த இடத்திலேயே நின்றதால் எது எதன்மேல் ஏறியிருந்தது என்று படிக்க முடிந்தது. ஸ்வீடன் தொல்லியலாளர் பெங்ட் தோர்டேமான் அவற்றை வகை பிரித்து விரிவாக எழுதினார். இன்று உலகெங்கும் தகட்டுச் சட்டை செய்பவர்கள் அந்த வகை எண்களையே பேசுகிறார்கள்.

அமைப்பு எளிது. வெளியே தோல் அல்லது தடித்த துணிச்சட்டை. அதன் உள்பக்கத்தில் இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்துப் பொருத்துவது. வெளியே தெரிவது ரிவெட் தலைகளின் வரிசை மட்டும். முதலில் அட்டையில் எல்லாத் தகடுகளையும் வெட்டி, ஒட்டுநாடாவால் உடம்பில் ஒட்டிக் குனிந்து நிமிர்ந்து பாருங்கள். இடுப்பில் குத்தினால் அட்டையிலேயே திருத்தலாம். பிறகு 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் வெட்டி, ஓரங்களை அரத்தால் நன்கு மழுக்கி, மரக்கட்டையில் வைத்து மெல்ல வளையுங்கள். தகடு தகட்டின்மேல் ஒரு விரல் அகலமாவது ஏற வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் காப்பு போடாமல் அரவை இயந்திரத்தைத் தொடாதீர்கள்.

இதற்கு அடியில் பஞ்சு அடைத்த சட்டை கட்டாயம். அம்மாவின் கதருக்கு இங்கேதான் வேலை: லினன் வெளித்துணி, உள்ளே கதர் அடுக்குகளோ பஞ்சோ, நீளவாட்டில் இணையான தையல் கோடுகள். தகடு அடியைப் பரப்பும், பஞ்சுதான் அதை வாங்கும். புதைகுழி எலும்புகளில் வெட்டுக்காயங்கள் பல முழங்காலுக்குக் கீழே இருந்தன என்பதையும் நினைவில் வையுங்கள். மார்புக்கு மட்டும் இரும்பு போட்டுக்கொண்டு உண்மையான மோதலுக்கு இறங்காதீர்கள். அதற்கெனப் பயிற்சி தரும் குழுக்களும் அவர்களின் பாதுகாப்பு விதிகளும் உண்டு.

சங்கிலிக் கவசம் இந்தியாவுல இருந்தே சீப்பா வருதே, வாங்கலாமா?

ஐரோப்பியக் கடைகளில் விற்கும் நகல் கவசங்களில் பெரும் பங்கு வட இந்தியப் பட்டறைகளில் செய்வதுதான். அதனால் பார்க்க வேண்டியது வளையத்தின் வாய். இரு முனைகளும் சும்மா முட்டிக்கொண்டு நின்றால் அது அலங்காரம்; தோளில் கொஞ்சம் இழுத்தாலே வளையங்கள் வாய் பிளந்து உதிரும். முனைகளைத் தட்டையாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து ரிவெட் அடித்ததே உண்மை முறை. விலை பல மடங்கு. முழுச் சட்டை பத்துக் கிலோவை ஒட்டி வரும். இடைவாரை இறுக்கிக் கட்டினால் பாதி எடை இடுப்புக்கு இறங்கும். கையால் செய்யலாமா என்றால் செய்யலாம், பல்லாயிரம் வளையங்கள், குளிர்கால இரவுகள் உங்களுடையவை. முதலில் கழுத்துப்பகுதி மட்டும் செய்து பாருங்கள்.

சரி, வாள் ஏன் வேண்டாம்? எல்லாரும் இடுப்புல தொங்க விட்டிருக்காங்களே.

ஸ்வீடனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதற்கே தடை. தகுந்த காரணம் இருந்தால்தான் விலக்கு. "என் உடைக்குப் பொருத்தம்" என்பதைக் காவலர் ஏற்பார் என்று நம்பி இடுப்பில் மாட்டாதீர்கள். அமைப்பாளர்கள் அந்தந்த ஆண்டு வெளியிடும் ஆயுத விதியைப் படியுங்கள். நீங்கள் பார்க்கும் வாள்கள் பெரும்பாலும் மழுங்கியவை, உறையோடு கட்டியவை, ஏதாவதொரு குழுவைச் சேர்ந்தவர்களுடையவை. விமானத்தில் வருபவர்கள் மழுங்கியதானாலும் சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும். அதோடு, 1361-இல் வாள் மலிவான பொருள் அல்ல. வணிகரின் கணக்காளருக்குப் பேனாவும் பணப்பையும் அழகு.

நம்ம நிறத்துக்கு இதெல்லாம் போட்டா சிரிக்க மாட்டாங்களா?

தயங்கித் தயங்கிக் கேட்பார்கள் இதை. ஜெர்மனியின் மாக்டெபுர்கு பேராலயத்தில் 13-ஆம் நூற்றாண்டு நடுவில் செதுக்கிய புனித மவுரிஸ் சிலை இருக்கிறது. கறுத்த ஆப்பிரிக்க முகம், தலைவரை சங்கிலிக் கவசம், அதன்மேல் தகட்டுச் சட்டை. மேலே சொன்ன தகட்டுச் சட்டையின் மிகப் பழைய உருவங்களில் ஒன்று அது. கவச ஆராய்ச்சிக்காரர்களே கறுப்பு வீரனைப் பார்த்துத்தான் பாடம் படிக்கிறார்கள். திருவிழாவில் உங்கள் முகத்தைவிட உங்கள் காஜாவைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

அப்போ சோழர் வேஷத்துல, பட்டு வேட்டி கட்டிப் போனா என்ன?

யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் 1361-இல் சோழர் ஆட்சி முடிந்து எண்பது ஆண்டு ஆகிவிட்டது. மதுரையில் சுல்தான்கள், வடக்கிலிருந்து விஜயநகரப் படை இறங்கிக்கொண்டிருந்த காலம். அந்த ஆண்டுத் தமிழரின் உடை வேண்டுமென்றால் அக்காலத்துக் கோயில் சிற்பங்களிலிருந்து தொடங்க வேண்டும், அதையும் ஒருவர் ஒழுங்காகச் செய்தால் நான் முதல் ஆளாக வந்து பார்ப்பேன். கல்யாண வேட்டியைக் கட்டிக்கொண்டு சோழர் என்றால், கொம்பு ஹெல்மெட் போட்டவருக்கும் உங்களுக்கும் வித்தியாசமில்லை.

குழந்தைக்கு இவ்வளவு செலவு செய்யணுமா? அடுத்த வருஷம் பத்தாதே.

உங்கள் மேலங்கியில் வெட்டி மிஞ்சியதே குழந்தைக்குப் போதும். கீழே அகலமாக மடித்துத் தையுங்கள், ஆண்டுக்கு ஒரு மடிப்பு பிரிக்கலாம். ஒரு லினன் சட்டை, மேலே கம்பளி அங்கி, ஒரு தொப்பி. செருப்பு சாதாரணமாகவே இருக்கட்டும், ஓடி விளையாடும் காலுக்கு அது போதும்.

திரும்பி வந்த பிறகு எப்படித் துவைச்சு வைக்கிறது?

லினனை எப்போதும்போல் துவைக்கலாம். கம்பளியைத் துவைக்காதீர்கள், ஈரமான இரவில் வெளியே தொங்கவிட்டால் புகை வாசனை பெரும்பாலும் போய்விடும், கறையை மட்டும் தனியாக எடுங்கள். அழுக்கும் வேர்வையும் உள்ள இடத்தைத்தான் பூச்சி முதலில் தின்னும் என்பதால் கழுத்தையும் கையையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பைக்குள் காற்றுப் புகாமல் வையுங்கள். சந்தேகமிருந்தால் பையோடு உறைபெட்டியில் ஒரு வாரம். இரும்புத் தகடுகளுக்கு எண்ணெய் தடவி, தோலோடு ஈரம் தங்காத இடத்தில் தொங்கவிடுங்கள். அடுத்த ஜூலையில் வெளியே எடுக்கும்போது அக்குள் தையலைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், விட்டுப்போவது அங்கேதான்.